உடலுக்குள் புகுந்த கதிரியக்கம்: அளப்பது எதைக் கொண்டு, எப்போது?

2047-க்குள் 100 ஜிகாவாட் அணுமின்சாரம் என்ற இலக்கை 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கை அறிவித்தது. சிறிய அணு உலைகளின் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் ரூ.20,000 கோடி ஒதுக்கியது. தனியார் பங்கேற்புக்காகச் சட்டம் திருத்தப்படும் என்றும் கூறியது. உலைகள் பெருகினால் அவற்றுக்குள் பணிபுரிவோரும் பெருகுவர். அவர்களின் உடலுக்குள் புகும் கதிரியக்கத்தை யார், எதைக் கொண்டு அளப்பார்கள்? பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். எதற்கு எவ்வளவு செலவிடுவது என்பது எங்கள் துறையின் கேள்விதான்.

தொழிலாளி மார்பில் அணியும் பட்டை, வெளியிலிருந்து படும் கதிர்வீச்சையே பதிவு செய்யும். மூச்சு வழியாகவோ வாய் வழியாகவோ உள்ளே சென்றதை அறிய 'ஹோல் பாடி கவுன்ட்டர்' எனப்படும் முழு உடல் அளவி வேண்டும். உடலிலிருந்து வெளிவரும் காமா கதிர்களை அது எண்ணுகிறது. நம் ஒவ்வொருவர் உடலிலும் இயற்கையாகவே ஏறத்தாழ 4,000 பெக்கரல் பொட்டாசியம்-40 உண்டு. அதிலிருந்து பிரித்தறிந்துதான் சீசியம், கோபால்ட் ஆகியவற்றை அடையாளம் காண வேண்டும்.

சோடியம் அயோடைடு படிகம் பொருத்திய அளவியில் தொழிலாளி நின்றபடியே ஓரிரு நிமிடங்களில் சோதனை முடிந்துவிடும். ஆனால், நெருங்கிய ஆற்றல் கொண்ட கதிர்களை அது தெளிவாகப் பிரித்துக் காட்டாது. ஜெர்மானியம் உணரி துல்லியமாகப் பிரிக்கும்; விலை அதிகம், கடுங்குளிரில் வைத்துப் பராமரிக்கவும் வேண்டும். அனைவருக்கும் முதல் வகை, ஐயத்துக்குரியவர்களுக்கு இரண்டாவது என்பதே சிக்கனமான ஏற்பாடு.

ஆனால், இரண்டுக்குமே புலப்படாதவை உண்டு. 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில், குடிநீர் குளிர்விப்பானில் டிரிட்டியம் கலந்த கனநீர் சேர்க்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டனர். இருவருக்கு ஆண்டு உச்சவரம்பான 30 மில்லிசீவர்ட்டைத் தாண்டியது. டிரிட்டியம் வெளியிடுவது வலுக்குறைந்த பீட்டா கதிர். உடலைக் கடந்து அது வெளியே வராது. காட்டிக்கொடுத்தது வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைதான். கல்பாக்கத்திலும் கனநீர் உலைகள் உண்டு என்பதால் இது நமக்கும் பொருந்தும்.

அடுத்தது, காலம். 2011-இல் ஃபுகுஷிமாவில் சுற்றுப்புறக் கதிர்வீச்சு மிகுந்ததால் நிலையத்திலிருந்த அளவிகளே பயனற்றுப் போயின, பரிசோதனை தாமதமாயிற்று. அயோடின்-131 எட்டு நாள்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. எனவே, உள்ளே சென்றது எவ்வளவு என்பதைப் பின்னோக்கிக் கணக்கிட வேண்டியதாயிற்று. மிக அதிகம் பாதிக்கப்பட்டவர் பெற்றது ஏறத்தாழ 678 மில்லிசீவர்ட். அதில் 590 உடலுக்குள்ளிருந்தே வந்தது. வளர்ந்தோர் உடலில் சீசியம்-137 பாதியாகக் குறைய ஏறத்தாழ நூறு நாள்கள் ஆகும். சில வாரங்கள் பராமரிப்புப் பணி செய்துவிட்டு ஊர் திரும்பும் ஒப்பந்தத் தொழிலாளியை அடுத்த ஆண்டு அழைத்துச் சோதித்து என்ன பயன்?

நான் வசிக்கும் மாங்காட்டைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில், ஒப்பந்தத் தொழிலாளர் சில மாதங்களுக்கொரு முறை இடம் மாறுவதை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். அவர்களின் மருத்துவக் குறிப்பு அவர்களுடன் செல்வது அரிது. தனியார் நடத்தும் அணு உலையிலும் இந்த வழக்கம் நுழையக்கூடும். விலையுயர்ந்த அளவியைத் திட்ட மதிப்பீட்டில் சேர்ப்பது எளிது. பணி முடித்து வெளியேறும் நாளிலேயே ஒவ்வொருவரையும் சோதிக்கவும், சிறுநீர் மாதிரி எடுக்கவும், முடிவைத் தொழிலாளியின் மொழியில் அச்சிட்டு அவர் கையில் தரவும் ஆகும் செலவு அதில் சேர்ந்திருக்கிறதா என்று, உரிமம் வழங்கும்போதே அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கேட்க வேண்டும்.