நயத்தலும் ஏமாறுதலும்: நாவல் ஆய்வில் வாசகத் தீர்ப்பின் இடம்

முன்னுரை

தமிழ்த்துறைகளில் நாவல் குறித்து எழுதப்பெறும் ஆய்வேடுகளில் ஒரு செய்தி மட்டும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அந்நாவலை ஆய்வாளர் விரும்பிப் படித்தாரா, பாதியில் சலிப்புற்றாரா என்பதே அச்செய்தி. பாத்திரப் படைப்பு, சமுதாயச் சிக்கல், மொழிநடை, உத்திகள் என இயல்கள் வகுக்கப்பெறுகின்றன. ஒவ்வோர் இயலின் இறுதியிலும் ஆசிரியர் சிறப்புறப் படைத்துள்ளார் என்னும் முடிவு எட்டப்பெறுகிறது. உயர்ந்த நாவலுக்கும் எளிதில் மறக்கத்தக்க நாவலுக்கும் ஒரே வகையான பொருளடக்கம் அமைந்துவிடுகிறது.

நானும் இத்தகைய ஆய்வேடு ஒன்றை எழுதியவன். அதற்கென எடுத்துக்கொண்ட நாவலை இருமுறை முயன்ற பின்னரே படித்து முடித்தேன். ஆயினும் அதன் நடை ஆற்றொழுக்குப் போன்றது என எழுதினேன். வாய்மொழித் தேர்வில் அத்தொடர் குறித்து எவரும் வினவவில்லை. அன்று எழுதத் துணியாத ஒன்றை இன்று எழுதுகிறேன். ஒரு நாவல் தரும் ஏமாற்றத்தையும் இன்பத்தையும் காரணத்தோடு பதிவுசெய்தல் ஆய்வுக்கு முரணன்று. அதுவே ஆய்வின் தொடக்கம் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

ரசனை பற்றிய தயக்கம்

இத்தயக்கத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. க.நா. சுப்ரமண்யம் தம் வாசிப்பு அனுபவத்தையே அளவுகோலாகக் கொண்டு நூல்களைத் தரம்பிரித்தார். நல்ல நூல்களின் பட்டியல்களையும் தந்தார். ஆனால் ஒரு நூல் ஏன் சிறந்தது என்பதை அவர் பல இடங்களில் விளக்காமலே விட்டார். க. கைலாசபதி முதலான சமூகவியல் திறனாய்வாளர்கள் இதனைக் கண்டித்ததில் நியாயம் இருந்தது. 1968இல் வெளிவந்த கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' நாவலைச் சமூக வரலாற்றோடு பொருத்திக் காணும் வழியைக் காட்டியது. அவ்வழியில் சென்ற கல்விப்புலம், காரணமற்ற தீர்ப்பை விலக்குவதாக எண்ணித் தீர்ப்பையே விலக்கிவிட்டது. கைலாசபதியோ தீர்ப்புக் கூறத் தயங்கியவர் அல்லர்.

நம் மரபும் வாசகனின் உணர்வைப் புறந்தள்ளவில்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. உணர்வு இலக்கணமாக வகுக்கத்தக்கது என்பது அம்மரபின் துணிபு. அத்துணிபை நாவல் வாசிப்பிலும் கைக்கொள்ளலாம்.

ஏமாற்றம் தந்தவை

முதலில் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு'. 1958இல் வெளிவந்து 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற இந்நாவலின் தொடக்கத்தில் வரும் வாலாசாப் பள்ளிநாள்களை நான் இன்றும் விரும்பிப் படிக்கிறேன். அழகும் அறிவும் மிக்க சந்திரன்மீது வேலய்யன் கொள்ளும் வியப்பும் நட்பும் உயிர்ப்போடு அமைந்துள்ளன. பின்னர்ச் சந்திரன் வீழத் தொடங்கியதும் கதை ஓர் எடுத்துக்காட்டாக மாறிவிடுகிறது. கட்டுப்பாடற்ற ஒளி அழியும், அடங்கி எரியும் அகல் நிலைக்கும் என்னும் முடிவுக்கேற்ப நிகழ்ச்சிகள் நிரல்படுத்தப்படுகின்றன. பாத்திரங்கள் பேசுவன பல இடங்களில் உரையாடலாக இல்லாமல் சிறு சொற்பொழிவுகளாக நீள்கின்றன. மு.வ.வின் அறவுணர்வில் எனக்கு ஐயமில்லை. சந்திரனைத் தீர்ப்பிடும் உரிமையை அவர் எனக்கு விட்டுவைக்கவில்லை என்பதே என் குறை.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' தந்த ஏமாற்றம் வேறுவகைப்பட்டது. இந்நாவலைப் படித்த பலர் தம் மக்களுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயரிட்டனர். அத்தகைய செல்வாக்கு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. தந்தையை இழந்த பூரணி உடன்பிறந்தாரைக் காக்கப் பிழைப்புத் தேடும் தொடக்கப் பகுதிகளில் வறுமை கண்கூடாகத் தெரிகிறது. அவள் இலட்சிய வடிவாக உயர உயர, அவளுடைய பசியும் சினமும் மங்கிவிடுகின்றன. தவறிழைக்க இயலாத ஒருத்திக்காக அஞ்சுவதற்கு வாசகனுக்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. பதினேழு வயதில் இந்நாவலுக்காக அழுதவன் நான். நாற்பதில் அழுகை வரவில்லை. இவ்விரு வாசிப்புகளில் ஒன்றை மட்டும் உண்மை எனக் கொள்வது நேர்மையாகாது.

மூன்றாவது, பி.ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. 1893 முதல் 'விவேக சிந்தாமணி' இதழில் தொடராக வந்த இதன் முற்பகுதி தமிழ் நாவலின் பெருமிதங்களுள் ஒன்று. சிறுகுளத்துப் பெண்களின் 'வம்பர் மகாசபை'யும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையும் நூற்றாண்டு கடந்தும் நகைப்பூட்டுகின்றனர். பிற்பகுதியில் அபவாதமும் துன்பமும் முத்துஸ்வாமி ஐயரைத் துறவை நோக்கிச் செலுத்துகின்றன. ஊர் மறைந்து வேதாந்தம் முன்னிற்கிறது. எனக்கு வேதாந்தத்தோடு பிணக்கில்லை. ஆனால் அதனை அடையும் வழியில் அவ்வூரின் பேச்சொலி முழுதும் அடங்கிவிடுகிறதே என்னும் வருத்தமே எஞ்சுகிறது. தொடர் தொடங்கியபோது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ராஜமையர் 1898இல் இருபத்தாறு வயதில் மறைந்தார். மேலும் ஒரு நாவல் எழுத அவருக்கு வாழ்நாள் வாய்க்கவில்லை என எண்ணும்போது இவ்வேமாற்றம் துயரமாகவும் மாறுகிறது.

இன்பம் தந்தவை

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. ஓரிரு அமர்வுகளில் படித்து முடிக்கத்தக்க சிறுநாவல். கணவனை இழந்த ஒரு கொங்கு வேளாண்குடிப் பெண் நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். கொழுந்தன் சின்னப்பனோடு தோன்றும் பிணக்கு கொலையில் முடிகிறது. இக்கதையில் நாகம்மாளை நல்லவள் என்றோ தீயவள் என்றோ ஆசிரியர் முத்திரையிடவில்லை. அவள் கேட்பது நியாயம். அவளைத் தூண்டுவோரின் நோக்கம் நியாயமன்று. இவ்விரண்டையும் ஒருசேர உணர்ந்தவாறே இறுதிப் பக்கத்தை அடைகிறோம். பங்கைக் கேட்டதற்காக அவளைக் குறைகூறவும் இயலவில்லை; நடந்துவிட்டதிலிருந்து அவளை முழுதும் விடுவிக்கவும் இயலவில்லை.

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' (1977) செகந்திராபாத்தில் ரஜாக்கர் காலத்தில் வளரும் சந்திரசேகரனின் கதை. கிரிக்கெட்டும் கல்லூரியும் அண்டைவீட்டுச் சச்சரவுமாக நகரும் நாவலில் வரலாறு மெல்ல நுழைகிறது. இறுதியில் கலவரத்தின்போது ஒரு வீட்டினுள் புகும் சந்திரசேகரன்முன், தன் குடும்பத்தைக் காக்க ஒரு சிறுமி தன்னையே ஒப்படைக்க முன்வருகிறாள். அவன் அருவருப்பும் வெட்கமும் மேலிட ஓடுகிறான். ஆசிரியர் விளக்கவுரை எதுவும் தருவதில்லை. இதனை 'இன்பம்' என்பது பொருந்துமா என வினவலாம். அழுகையும் இளிவரலும் மெய்ப்பாடுகளாயின், ஒரு படைப்பு அவற்றை முழுமையாக எழுப்பும்போது வாசகன் பெறும் நிறைவுக்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

திருத்திக்கொண்ட தீர்ப்பு

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) எனக்கு ஒரு பாடம். முதல் வாசிப்பில் ஐம்பது பக்கங்களைக்கூட என்னால் கடக்க இயலவில்லை. மலாய், டச்சுச் சொற்களும் மைடான் நகரத் தெருப்பெயர்களும் செட்டித்தெருப் பேச்சும் ஒருங்கே வந்து விழுந்தன. ஒழுங்கற்ற நாவல் என நண்பர்களிடம் கூறினேன். சில ஆண்டுகள் கழித்துத் தென்கிழக்காசியத் தமிழ் வணிகர், இந்தியத் தேசிய இராணுவம் ஆகியவை பற்றிச் சிறிது கற்றபின் மீண்டும் எடுத்தேன். தமிழ்ப் பெருமிதப் பேச்சுகளைப் பாண்டியன் எள்ளி நகையாடும் பகுதிகளில் உரக்கச் சிரித்தேன். நள்ளிரவு கடந்தும் நூலை மூடவில்லை. முன்னர் ஒழுங்கின்மை எனக் கண்டது போரில் சிதறிய ஓர் உலகின் ஒழுங்கு எனப் புரிந்தது. என் முதல் ஏமாற்றத்திற்குக் காரணம் நூலன்று, என் அறியாமை.

இவ்வனுபவம் வாசகத் தீர்ப்பை நம்பலாகாது என்பதற்குச் சான்றாகாது. முதல் தீர்ப்பை நான் வெளிப்படையாகக் கூறியிருந்ததனால்தான் அது பிழை என்பதை உணர்ந்து திருத்த இயன்றது. ஆய்வேட்டில் நான் எழுதிய ஆற்றொழுக்கு நடை என்னும் தொடருக்கோ அவ்வாய்ப்பே இல்லை. நம்பாமல் எழுதிய ஒன்றைத் திருத்துவது எங்ஙனம்?

நிறைவுரை

மேற்கண்ட நாவல்களை ஒப்பிடுமிடத்து என் அளவுகோல் ஒன்று புலப்படுகிறது. முடிவை முன்கூட்டியே வகுத்துப் பாத்திரங்களை அதற்கு இணங்கச் செய்யும் நாவல் எனக்கு ஏமாற்றம் தருகிறது. தீர்ப்பை வாசகனிடம் விடும் நாவல் இன்பம் தருகிறது. இவ்வளவுகோலை ஏற்காதார் இருப்பர். அறம் உரைப்பதே இலக்கியத்தின் முதற்கடன் எனக் கொள்வோர்க்கு 'அகல் விளக்கு' என் பட்டியலின் மறுபக்கத்தில் நிற்கும். அவர்களோடு நான் வாதிடலாம். அவர்களும் என்னோடு வாதிடலாம். எல்லா நாவல்களும் சிறப்புற அமைந்துள்ளன என்னும் முடிவோடு எவரும் வாதிட இயலாது.

எனவே ஒரு சிறு வேண்டுகோள். நாவல் ஆய்வேட்டின் முன்னுரையில் இரண்டு பக்கங்கள் ஆய்வாளரின் வாசிப்புக்கென ஒதுக்கப்பட வேண்டும். எங்கே நயந்தார், எங்கே சலித்தார், மறுவாசிப்பில் எது மாறியது என்பன அதில் இடம்பெறட்டும். நெறியாளர் அவற்றை நீக்காமல் காரணம் கேட்கட்டும். வாய்மொழித் தேர்வின் முதல் வினாவும் அப்பக்கங்களிலிருந்தே எழட்டும். என் ஆய்வேட்டை இன்று எழுத நேர்ந்தால், அந்நாவலை இருமுறை கீழே வைத்தேன் என்பதையே முதல் வரியாக எழுதுவேன். ஏன் கீழே வைத்தேன் என்பதற்கு விடை தேடுவதே அவ்வாய்வின் பணியாக இருந்திருக்கும்.