சுயேச்சைக்கு இரண்டு வாரம் போதுமா?

2013 டிசம்பர் 4-இல் நடந்த ஏற்காடு இடைத்தேர்தலை எங்கள் மலையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அமைச்சர்களின் கார்கள் கொண்டை ஊசி வளைவுகளில் வரிசை கட்டி ஏறின. தமிழ்நாட்டில் நோட்டா பொத்தான் முதலில் வந்ததும் அந்தத் தேர்தலில்தான். அதிமுகவின் சரோஜா 78,116 வாக்கு வித்தியாசத்தில் திமுகவின் மாறனைத் தோற்கடித்தார். மூன்றாம் இடம் சுயேச்சைகளில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. 4,431 வாக்குகளோடு நோட்டா அதைப் பிடித்துக்கொண்டது.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியன்; தேர்தல் பணிக்குப் போய்ப் பழகியவன். நோட்டாவுக்கு முன்பு 49-ஓ என்று ஒரு விதி இருந்தது. யாருக்கும் ஓட்டு இல்லை என்றால் 17-ஏ பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கட்சி ஏஜெண்டுகள் பார்த்துக்கொண்டிருக்க, எந்தத் தோட்டத் தொழிலாளி அதற்குத் துணிவார்? அந்தச் சங்கடத்தை 2013 செப்டம்பர் 27-இல் தீர்த்துவைத்தது தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு. நம் பவானிப் பக்கத்துக்காரர்! ஆனால் இன்றும் நோட்டாவே முதலிடம் வந்தாலும், அடுத்து நிற்கும் வேட்பாளர்தான் எம்.எல்.ஏ.

அந்த 4,431 பேரில் ஒரு பகுதியாவது நல்ல சுயேச்சை ஒருவருக்குப் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவரை எப்போது தெரிந்துகொள்வது? வேட்புமனு வாபஸ் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம். அதிலிருந்து வாக்குப்பதிவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம். எங்கள் தொகுதி மலையோடு முடிவதில்லை. குப்பனூர் பாதையில் இறங்கி அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி வரை போக வேண்டும். உதயசூரியனையும் இரட்டை இலையையும் எங்கள் பாட்டிகளுக்கே தெரியும். புதியவரின் சின்னமோ நோட்டீஸில் அச்சாகி வருவதற்குள்ளேயே பாதி நாட்கள் போய்விடும். போதாக்குறைக்கு, வாக்கு இயந்திரத்தில் சுயேச்சைகளின் பெயர் கட்சிக்காரர்களுக்கெல்லாம் கீழே.

சின்னத்தை விட்டு ஆளைப் பார்க்கவும் எங்களுக்குத் தெரியும். எங்கள் மலையின் தலைச்சோலை ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது. ஆள் யார், தண்ணீர்க் குழாய்க்கு என்ன செய்தார், சேர்வராயன் கோயில் திருவிழாவில் எப்படி நடந்துகொண்டார் என்று பார்த்துத்தான் ஓட்டு விழும். உள்ளுக்குள் கட்சி இல்லை என்று நான் சாதிக்கவில்லை. என்றாலும் சின்னத்தைப் பார்த்து மட்டுமே குத்துகிறவன் மலைக்காரன் என்ற பேச்சு அங்கே எடுபடாது. அந்த ஊராட்சிகளின் பதவிக்காலமும் 2025 ஜனவரி 5-இல் முடிந்து, தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் கைக்குப் போனது.

சுயேச்சைகளுக்கு இடம் கொடுத்தால் 1996 மொடக்குறிச்சிதான் என்பார்கள். விவசாயிகள் கூட்டமாக மனுப்போட்டு 1,033 பேர் நின்றார்கள், வாக்குச்சீட்டு புத்தகமானது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, 250 ரூபாய் டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள். இன்று அது 10,000, பழங்குடியினருக்குப் பாதி. சுயேச்சைக்குப் பத்து முன்மொழிவோர் வேண்டும் என்றும் வந்தது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு ஒருவர் போதும். கூட்டத்துக்கு அந்த வேலியே போதுமானது.

சட்டப்பேரவையின் ஆயுள் எப்போது முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் தொகுதி வாக்காளர்கள் 500 பேரிடம் கையெழுத்து வாங்கி வரும் சுயேச்சைக்கு, தேர்தலுக்கு மூன்று மாதம் முன்பே தேர்தல் ஆணையம் சின்னத்தைக் கொடுக்கட்டும். எங்கள் மலையில் 500 கையெழுத்துக்கு ஊர் ஊராக நடந்தே தீர வேண்டும். விளையாட்டுக்கு நிற்பவர் பாதி வழியிலேயே திரும்பிவிடுவார். இடைத்தேர்தலுக்கு மூன்று மாதம் ஒத்துவராது. அதற்கு ஒரு மாதமாவது கொடுக்கலாம்.