'நிறைய' என்பது ஒரு எண் இல்லை

ரெண்டு மாசமா ஒண்ணும் எழுதலை. சோம்பேறித்தனம் பாதி, இருட்டு மீதி. நான் இருக்கிற ஷெட்லாண்ட், ஸ்காட்லாந்துக்கும் வடக்கே, அறுபதாவது அட்சரேகையில் கிடக்கிற தீவுக்கூட்டம். டிசம்பர் கடைசியில் ஆறு மணி நேரம்கூட வெளிச்சம் கிடையாது. அந்தக் கொஞ்ச நேரத்தையும் காத்தும் மழையும் பங்கு போட்டுக்கும். இதுல எங்கே உக்காந்து எழுத?

ஜனவரி கடைசி செவ்வாய்க்கிழமை லெர்விக் ஊரில் 'அப் ஹெல்லி ஆ' என்று ஒரு தீப்பந்தத் திருவிழா. வைக்கிங் வேஷம் கட்டிக்கிட்டு ஊர்வலம் போய், கடைசியில் அதுக்காகவே கட்டின ஒரு கப்பலைக் கொளுத்துவாங்க. அது முடிஞ்ச மறுநாளிலிருந்து எங்க பக்கத்தில் பார்க்கிறவங்க எல்லாம் கேட்கிற கேள்வி ஒண்ணுதான். "ஷால்டர் வந்தாச்சா?"

ஷால்டர் என்பது ஆய்ஸ்டர்கேட்சர் பறவைக்கு இங்கே உள்ள பேர். கறுப்பு வெள்ளை உடம்பு, கேரட் நிறத்தில் நீளமான அலகு, ஊரையே எழுப்புகிற தொண்டை. குளிர்காலத்துக்கு பெரும்பாலும் தெற்கே போயிடும். ஜனவரி கடைசியில், பிப்ரவரியில் ஒண்ணு ரெண்டா திரும்பி வந்து வயல்ல இறங்கி மண்புழு தேட ஆரம்பிக்கும். வெளியே பார்த்தா அப்பவும் ஆலங்கட்டி மழைதான் பெய்யும். ஆனா ஷால்டர் கத்திடுச்சுன்னா எங்க கணக்குல குளிர்காலம் தோத்துப் போச்சு.

அதுக்கப்புறம் வரிசையா வருவாங்க. நாஸ் தீவின் பாறைச் சுவருக்கு கேனட் பறவைகள். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ ஒரு நாள் காத்து கொஞ்சம் அடங்கினதும் தலைக்கு மேலே வானம்பாடி. அப்புறம் ஆள்காட்டி. ஏப்ரல் பிறந்தா சம்பரோ முனையில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பஃபின், இங்கத்திய பாஷையில் 'டாமி நோரி'. அதே சமயத்தில் மேட்டு நிலத்துக்கு 'பாங்க்ஸி' வரும். கிரேட் ஸ்குவா என்கிற பெரிய பழுப்பு நிறக் கடல் கொள்ளைக்காரன். அதோட இடத்துக்குள்ள நீங்க காலை வெச்சீங்கன்னா நேரா மண்டையைக் குறிபார்த்து இறங்கும். கைத்தடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும் (முதல் வருஷம் நான் குடையைப் பிடிச்சேன். காத்து குடையைக் கொண்டு போயிடுச்சு, பாங்க்ஸி தொப்பியைக் கொண்டு போயிடுச்சு).

சரி, விஷயத்துக்கு வர்றேன். பறவை பார்க்கிறவங்க கூட்டத்தில் ரெண்டு விஷயத்துக்குத்தான் மரியாதை. ஒண்ணு, 'அரிய பறவை'. இன்னொண்ணு, 'முதல் பறவை'. இந்த ரெண்டையும் கொண்டாடுகிற வேகத்தில் மூணாவதா ஒண்ணைக் கோட்டை விடுறோம் என்பதுதான் என் கட்சி. அந்த மூணாவது, எண்ணிக்கை. வழக்கமா வர்ற பறவை இந்த வருஷம் எத்தனை வந்தது என்கிற சாதாரணக் கணக்கு.

இதை நான் உபதேசமா சொல்லலை. பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

2019 ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை சேதி வந்தது. வடகோடித் தீவான அன்ஸ்ட்ல வெள்ளையா ஏதோ உக்காந்திருக்காம், பனி ஆந்தையா இருக்கலாமாம். ஷெட்லாண்டில் பனி ஆந்தைக்கு ஒரு கதை இருக்கு. 1967-லிருந்து 1975 வரைக்கும் ஃபெட்லார் தீவில் கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சது. அப்புறம் இல்லை. அதனால அந்தப் பேரைக் கேட்டாலே இங்கே உள்ளவங்களுக்குக் கை கால் நிக்காது. எனக்கும்தான். மறுநாள் விடிகாலையில் கிளம்பி, ஒரு படகில் காரை ஏத்தி யெல் தீவு, அதைக் கடந்து இன்னொரு படகில் அன்ஸ்ட். ஹெர்மனெஸ் மேட்டில் மூணு மணி நேரம் நடை. கடைசியில் டெலஸ்கோப்பை வெச்சுப் பார்த்தா, வேலியில் மாட்டிக்கிட்ட உரச் சாக்கு!

அன்னிக்கு என் நோட்டில் எழுதினது இவ்வளவுதான்: "14.4.2019. ஹெர்மனெஸ். பனி ஆந்தை இல்லை. பாங்க்ஸி நிறைய."

நிறைய. அந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க.

அந்த ஹெர்மனெஸுக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் முட்டை சேகரிக்கிறவங்களும் வேட்டைக்காரங்களும் சேர்ந்து பாங்க்ஸியை ஒழிச்சுக்கட்டின காலம். 1831 வாக்கில் ஹெர்மனெஸில் மிச்சம் மூணே ஜோடி. அன்ஸ்ட்டின் நிலக்கிழார்களான எட்மண்ட்ஸ்டன் குடும்பம் அப்பத்தான் காவல் போட ஆரம்பிச்சது. அந்த மூணு, நூத்துக்கணக்கான ஜோடிகளா பெருகினது. மூணுதான் மிச்சம்னு யாரோ எண்ணிப் பார்த்ததனாலதானே காவல் போடத் தோணிச்சு? "கொஞ்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு"ன்னு விட்டிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்.

அப்புறம் வந்தது பறவைக் காய்ச்சல். 2021 கோடையில் ஸ்காட்லாந்து பாங்க்ஸிகள் செத்து விழ ஆரம்பிச்சது. 2022-ல் கேனட், பாங்க்ஸின்னு கொத்துக் கொத்தா கரை ஒதுங்கினது. அந்த ஜூலையில் நாஸ் மாதிரியான தீவுகளில் ஆள் இறங்கவே தடை போட்டாங்க. நான் நடக்கிற கடற்கரையில் அலை கொண்டுவந்து போட்ட பாங்க்ஸி ஒண்ணு, ரெக்கையை விரிச்சபடி கிடந்தது. என் தொப்பியைப் பிடுங்கின அதே முரட்டு ஜாதி. தொடாம சுத்திப் போனேன். உலகத்தில் உள்ள பாங்க்ஸிகளில் பாதிக்கு மேலே கூடு கட்டுறது ஸ்காட்லாந்தில்தான். இங்கே போனா, போனதுதான்.

2023 ஏப்ரல்ல ஹெர்மனெஸ் போனேன். ஆந்தைக்காக இல்லை, பாங்க்ஸிக்காக. கைத்தடியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நடந்தேன். கை வலிச்சதுதான் மிச்சம், ஒண்ணும் இறங்கி வரலை. தூரத்தில் அங்கொண்ணு இங்கொண்ணு. எண்ணினேன், பதினேழு. வீட்டுக்கு வந்து பழைய நோட்டைப் புரட்டினேன். முன்னே எத்தனை இருந்தது? "நிறைய."

பதினேழை 'நிறைய'விலிருந்து எப்படிக் கழிக்கிறது? சொல்லுங்க. உரச் சாக்கைப் பார்க்க மூணு மணி நேரம் நடந்தவன், தலைக்கு மேலே பறந்ததை எண்ண அரை மணி நேரம் ஒதுக்கலை.

எண்ணினவங்க இருந்தாங்க, நல்லவேளை. 2015-லிருந்து 2021 வரைக்கும் பிரிட்டன், அயர்லாந்து முழுக்க கடற்பறவைக் கணக்கெடுப்பு ஒண்ணு நடந்திருந்தது. அதனாலதான் 2023-ல் மறுபடி எண்ணிப் பார்த்து, 2024 பிப்ரவரி அறிக்கையில் தெளிவா சொல்ல முடிஞ்சது: மறுபடி எண்ணின இடங்களில் பாங்க்ஸி 76 சதவீதம் குறைஞ்சிருக்கு, கேனட் 25 சதவீதம். முதல் கணக்கு இல்லைன்னா ரெண்டாவது கணக்குக்கு அர்த்தமே இல்லை. இது சின்ன இழப்பும் இல்லை. பாங்க்ஸி முதல் முட்டை வைக்கவே ஏழெட்டு வயசாகும். வருஷத்துக்கு ரெண்டே முட்டை. கோழி மாதிரி சட்டுனு பெருகிடாது.

'முதல் பறவை' விஷயத்துக்கு வருவோம். "இந்த வருஷம் முதல் வானம்பாடி பிப்ரவரி பத்தொன்பதே வந்துடுச்சு" என்று எழுதுறதில் ஒரு சந்தோஷம் இருக்கு, மறுக்கலை. ஆனா அந்தத் தேதி ரொம்ப ஏமாத்தும். ஆயிரம் பறவை வர்ற இடத்தில் எப்படியும் ஒரு அவசரக்குடுக்கை இருக்கும், பத்து நாள் முன்னாடியே வந்து நிக்கும். அதே இடத்துக்கு நூறுதான் வருதுன்னா அந்த அவசரக்குடுக்கை இல்லாமப் போகலாம். உடனே நாம "இந்த வருஷம் பறவை தாமதம், வானிலை மாறிப்போச்சு"ன்னு எழுதுவோம். தாமதமே இல்லை, ஆள்தான் குறைஞ்சு போச்சு. மாறாக, பார்க்கிற கண்ணு ஜாஸ்தியானா முதல் தேதி தானா முன்னாடி நகரும். பறவை பழைய நேரத்துக்குத்தான் வருது, நாமதான் சீக்கிரம் பார்க்கிறோம். முதல் தேதி ஒரே ஒரு பறவையைப் பத்தின சேதி. மத்த தொள்ளாயிரத்துச் சொச்சத்தைப் பத்தி அது வாயே திறக்காது.

"அப்போ அரிய பறவை பார்க்கிறதெல்லாம் தப்பா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. தப்பே இல்லை. 1970-களில் ஹெர்மனெஸ் கேனட் கூட்டத்துக்கு நடுவில் தெற்குக் கடலைச் சேர்ந்த ஒரு அல்பட்ராஸ் வந்து, ஜோடி கிடைக்காமலே வருஷா வருஷம் வந்து உக்காந்துட்டுப் போச்சு. அதைப் பார்க்க வந்தவங்களால் எங்க கடைகளுக்கும் விடுதிகளுக்கும் பிழைப்பு நடந்தது. அரிய பறவையைத் தேடி வர்றவங்களில் சிலர்தான் அப்புறம் நின்னு நிதானமா எண்ணுறவங்களா மாறுறாங்க, நானே சாட்சி. ஃபேர் தீவில் 1948-ல் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் தொடங்கின பறவை ஆய்வு நிலையத்துக்கு ஆளை இழுக்கிறது அரிய பறவைதான். ஆனா அந்த நிலையத்தின் சொத்து என்னன்னு கேட்டா, தினமும் எத்தனை பறவைன்னு எழுதி வெச்ச பதிவுகள். 2019 மார்ச்சில் தீப்பிடிச்சு கட்டடம் மொத்தமா போனப்போ, "பதிவுகள் கணினியில் ஏத்தியாச்சு, பத்திரமா இருக்கு" என்கிற சேதியைக் கேட்ட பிறகுதான் பலருக்கு மூச்சே வந்தது.

எனக்குப் புத்தி வந்தது அறிக்கை படிச்சு இல்லை, பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாகிட்ட. எண்பது தாண்டினவங்க, இன்னும் ஆடு வளர்க்கிறாங்க. இங்கே பெரியவங்க நெருங்கினவங்களை 'டூ' என்பாங்க, நம்ம 'நீ' மாதிரி. என்னையும் அப்படித்தான். 2024 பிப்ரவரியில் ஒரு நாள் டீ குடிக்கக் கூப்பிட்டாங்க. அடுக்களைச் சுவரில் காலண்டர். அதில் ஒரு கட்டத்துக்குள்ளே 'ஷால்டர் 2' என்று பென்சில் எழுத்து. நாலு நாள் தள்ளி 'ஷால்டர் 5'. அப்புறம் 'ஷால்டர் 8'. பழைய காலண்டர்களையும் அலமாரியில் கட்டு கட்டா வெச்சிருக்காங்க.

"எதுக்கு எண்ணிக்கையெல்லாம் எழுதறீங்க? வந்தாச்சுன்னு தெரிஞ்சா போதாதா?"ன்னு கேட்டேன்.

என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "நான் ஆடு வளர்க்கிறவ. சாயங்காலம் பட்டியை மூடும்போது 'நிறைய ஆடு இருக்கு'ன்னு சொல்லிட்டா மூடுவேன்? ஒண்ணு குறைஞ்சா உனக்கு எப்படித் தெரியும்?"

டீ தொண்டையில் நின்னுடுச்சு எனக்கு.

ஷால்டர் நீண்ட ஆயுள் உள்ள பறவை. வளையம் போட்டுப் பார்த்ததில் நாற்பது வயசைத் தாண்டினதெல்லாம் உண்டு. கூடு கட்ட அதே வயலுக்குத்தான் திரும்பத் திரும்ப வரும். அந்தம்மா வயலில் இறங்குகிற ரெண்டு, அவங்க ஐம்பது அறுபது வயசில் பார்த்த அதே ரெண்டாக்கூட இருக்கலாம். முன்பின் தெரியாத விருந்தாளி இல்லை, பட்டிக்குத் திரும்பி வர்ற ஆடு மாதிரிதான் அது அவங்களுக்கு. எங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஃபாரோ தீவுக்காரங்களுக்கு இந்த ஷால்டர்தான் தேசியப் பறவை. மார்ச் 12-ஆம் தேதி அது திரும்பி வர்றதை விழாவாவே கொண்டாடுறாங்க. எங்கேயும் கிடைக்காத அதிசயப் பறவைக்கு இல்லை, வருஷம் தவறாம வர்ற சாதாரணப் பறவைக்கு! எனக்கு அந்த மரியாதை ரொம்பப் பிடிச்சிருக்கு.

இப்போ நானும் எண்ணுறேன். பெரிய விஞ்ஞானம் ஒண்ணும் இல்லை. அதே பாதை, அதே நேரம், வாரம் ஒரு நாள், ஒரு மணி நேரம். பார்த்ததையெல்லாம் எண்ணோட எழுதணும். சரியா எண்ண முடியலைன்னா 'சுமார் 40'ன்னு எழுதலாம், தப்பில்லை. ஒண்ணுமே வரலைன்னா '0'ன்னு கண்டிப்பா எழுதணும். பூஜ்யம் எழுத மனசு வராது, தெரியும். ஆனா வெறுமனே விட்டா, பறவை வரலையா நான்தான் போகலையான்னு நாளைக்குத் தெரியாது. இந்தத் தீவிலேயே கரையில் ஒதுங்குகிற செத்த பறவைகளை 1979-லிருந்து தன்னார்வலர்கள் மாசா மாசம் நடந்து எண்ணிக்கிட்டு இருக்காங்க. செத்ததை எண்ணவே அத்தனை பொறுமை இருக்குன்னா, உயிரோட வர்றதை எண்ண நமக்கு என்ன கேடு?

மார்ச் கடைசி ஆனா நான் ஹெர்மனெஸ் பாதையில் நிப்பேன். பதினேழை விட ஒண்ணு கூட இருந்தாலும் போதும், அதை எண்ணா எழுதுவேன். என் தொப்பி போனாலும் பரவாயில்லை. சொல்லப்போனா, போகணும்னுதான் வேண்டிக்கிட்டு இருக்கேன்.

பி.கு: பாட்டியம்மா காலண்டரில் நேத்து 'ஷால்டர் 1'. "இன்னொண்ணு எங்கே?"ன்னு காலையிலேயே வாசலுக்கு வந்து வயலைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. நானும் கூடப் போய் நின்னேன்.