ஒரு வாளி சுடுநீர்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிய ஓர் அம்மா, இஸ்தோப்பில் அமர்ந்து கால்களை நீட்டினார். மகள் ஒரு வாளி சுடுநீரில் கைப்பிடி உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து வைத்தாள். கால்களை அதனுள் வைத்துச் சற்று நேரம் கண்மூடி இருந்தவர், "இதுதான் ஐயா எங்களுக்கு ஆஸ்பத்திரி" என்றார்.

வலியைத் தணிப்பது உப்பா, சூடா? பெரும்பங்கு சூட்டினுடையது. வெந்நீர் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. இறுகிய தசைகள் தளர்கின்றன. லண்டனிலும் டொரன்டோவிலும் வாழும் நம்மவர்கள் கடையில் வாங்கும் எப்சம் உப்பு, மக்னீசியம் சல்பேட். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எப்சம் ஊற்றுநீரில் அறியப்பட்டதால் அப்பெயர் வந்தது. அந்த மக்னீசியம் தோல் வழியே உட்சென்று வலியைப் போக்குகிறது என்பதற்குப் போதிய சான்று இல்லை. ஆகவே குளியல் தொட்டியில் படுத்திருப்பவருக்குக் கிடைக்கும் சுகத்துக்கும் வாளியில் கால் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் சுகத்துக்கும் அடிப்படை ஒன்றே.

பதினைந்து, இருபது நிமிடங்கள் போதும். நீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யலாகாது. ஆறாத புண் இருந்தாலும் தவிர்க்க வேண்டும். வீக்கமும் வலியும் நாட்கணக்கில் நீடித்தால் அதற்கு மருந்து வாளியில் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே, மழையிலும் குளிரிலும், செங்குத்துச் சரிவில் கொழுந்துச் சுமையுடன் நாள் முழுதும் நின்ற பெண்ணுக்கு வீட்டில் அடுப்பு மூட்டுவது யார்? பெரும்பாலும் அவளேதான். விறகும் அவளே தேட வேண்டும். தண்ணீரும் அவளே பீலியிலிருந்து சுமக்க வேண்டும். சூடேறும் முதல் பானை சோற்றுக்குப் போய்விடுகிறது. 2025 மே மாதத்தில் நாட்டில் உப்புக்கே தட்டுப்பாடு வந்து, இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதாயிற்று. ஆயினும் இவளிடம் எந்நாளும் பற்றாக்குறையாக இருப்பது உப்பன்று. அந்த இருபது நிமிடங்கள்.

அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாயாக உயர்ந்தது. அதற்காக நடந்த போராட்டங்களைப் பற்றி நானும் எழுதியிருக்கிறேன். அப்போதெல்லாம் ரூபாயும் கிலோவும் பேசப்பட்டன. முழங்காலும் இடுப்பும் பேசப்படவில்லை. லயத்துக்குக் குழாய் நீரும், பெண்களுக்கு வேலைநேரத்தில் உட்கார ஓரிடமும் கேட்பது ஆடம்பரமாகாது.

நிர்வாகம் அதைத் தரும்வரை வீட்டிலுள்ள ஆண்கள் ஒன்று செய்யலாம். அவள் மலையிறங்கி வருமுன் ஒரு வாளி நீரைச் சுடவைத்திருக்கலாம். அதற்கு வர்த்தமானி அறிவித்தல் தேவையில்லை.