மெதுவாக நகரும் தேர்

"நெல்லையப்பர் தேர் ஆமை வேகத்தில்தானே நகர்கிறது? நினைத்ததும் நிறுத்திவிடலாம், சக்கரத்தருகே நின்றால் என்ன?" என்கிறார்கள். தவறு.

ஒன்று: வேகம் பாதிக் கணக்குதான். தேரின் எடை சுமார் 450 டன். நொடிக்கு அரை மீட்டர் நகர்ந்தாலே அதன் உந்தம், மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 15 டன் லாரியின் உந்தத்துக்குச் சமம். அந்த லாரியின் முன் பிள்ளையை நிறுத்துவீர்களா?

இரண்டு: ஒரே நொடியில் நிறுத்த, சராசரியாக 23 டன் எடைக்கு ஈடான விசை வேண்டும். ஐந்து நொடி கிடைத்தால் ஐந்தில் ஒரு பங்கு போதும். சக்கரத்தின் அடியில் சறுக்குக்கட்டை போடுபவர் உயிரைப் பணயம் வைத்து வாங்கித் தருவது அந்த நொடிகளைத்தான். அவர் வழியில் கூட்டமாக நிற்கலாமா?

மூன்று: ஆபத்து சக்கரத்தருகே மட்டுமல்ல, தேரை இழுக்கும் வடத்திலும் உண்டு. 2024 ஆனித் தேரோட்டத்தில் வடங்கள் அறுந்தபோது பலரும் கயிற்றின் தரத்தையே பேசினார்கள். தொய்ந்த வடத்தை வெடுக்கென்று இழுத்தால் கணநேரத்தில் ஏறும் விசையை யார் பேசினார்?