ஸ்க்ரீன் சரியில்லை, சவுண்ட் வரலை... பழைய விண்டோஸ் லேப்டாப்பைத் தூக்கிப்போடணுமா?

விண்டோஸ் 10-க்குக் கொடுத்துவந்த ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது மைக்ரோசாஃப்ட். அன்றைக்கு எந்த கம்ப்யூட்டரும் நின்றுபோகவில்லை. சிக்கல் வருவது பிறகுதான். பழைய லேப்டாப்பை ஃபார்மட் செய்து மறுபடி விண்டோஸ் 10 போடும்போதோ, தகுதியில்லாத லேப்டாப்பில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றும்போதோ, ஸ்க்ரீனில் எழுத்துகள் பூதாகரமாகத் தெரியலாம். ஸ்பீக்கர் சத்தமே போடாமல் இருக்கலாம். 'போர்டு போயிடுச்சு' என்று முடிவுகட்டிப் புது லேப்டாப் தேடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இங்கே.

ஏன் ஸ்க்ரீனும் சவுண்டும் மட்டும்?

ஹார்டுவேருக்கும் ஓ.எஸ்-க்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர் வேலை பார்ப்பது டிரைவர். கீபோர்டு, மவுஸ் போன்றவை பொதுவான முறையில் இயங்குவதால், விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் டிரைவரே போதும். கிராஃபிக்ஸ், ஆடியோ சிப்கள் அப்படியல்ல. கம்பெனிக்கு கம்பெனி, மாடலுக்கு மாடல் மாறும்.

சரியான டிரைவர் இல்லையென்றால், 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற ஸ்டெப்னியை விண்டோஸ் மாட்டிக்கொள்ளும். படம் தெரியும். ஆனால் ரெசல்யூஷன் குறையும், பிரைட்னஸ் மாற்ற முடியாது, இரண்டாவது மானிட்டர் வராது. டிவிக்கு ஹெச்.டி.எம்.ஐ வழியாகப் போகும் சத்தமும் கிராஃபிக்ஸ் சிப் வழியாகத்தான் செல்கிறது. அதனால் டிஸ்ப்ளே டிரைவர் போனால், டிவியில் சவுண்டும் சேர்ந்தே போகும்.

ஒரு லேப்டாப்புக்கு மூன்று 'கடைசித் தேதி'

மைக்ரோசாஃப்ட் ஒரு தேதியில் நிறுத்தும். சிப் கம்பெனி வேறொரு தேதியில் நிறுத்தும். லேப்டாப் பிராண்ட் இன்னொரு தேதியில் நிறுத்தும். உதாரணமாக, ஜி.டி.எக்ஸ் 10 சீரிஸ் உள்ளிட்ட பழைய கார்டுகளுக்கு வழக்கமான டிரைவர் அப்டேட் 2025 அக்டோபரோடு முடிந்தது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டுமே வரும் என்று என்விடியா அறிவித்தது.

விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டி.பி.எம் 2.0 பாதுகாப்பு சிப்பும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ம் தலைமுறை பிராசஸரும் வேண்டும். அந்தத் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017-ல்தான். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில் கொடுக்கப்பட்டவை இந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கின்றன. ஹார்டுவேர் நல்லா இருந்தாலும் இதுதான் நிலைமை.

என்ன செய்யலாம்?

* ஸ்க்ரீன் திடீரென உறைந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் ரீஸ்டார்ட் ஆகும்.
* அப்டேட்டுக்குப் பிறகு பிரச்னை வந்ததா? டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவரின் பிராப்பர்ட்டீஸுக்குள் போய் 'ரோல் பேக் டிரைவர்' கொடுங்கள்.
* சவுண்ட் மட்டும் வரலையா? முதலில் அவுட்புட்டாக டிவியோ ப்ளூடூத்தோ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஆடியோ டிரைவரை விண்டோஸிலேயே இருக்கும் 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' என்பதற்கு மாற்றிப் பாருங்கள்.
* புது டிரைவர் வேண்டுமென்றால், உங்கள் மாடல் நம்பரைப் போட்டு லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் தேடுங்கள். 'ஒரே க்ளிக்கில் எல்லா டிரைவரும்' என்று ஆசைகாட்டும் ஆப்கள் பக்கம் போகாதீர்கள். மால்வேர் உள்ளே நுழைய அதுவும் ஒரு வழி.
* எதுவும் சரிவரலையா? லினக்ஸ் மின்ட் போன்ற ஓ.எஸ்-ஐ பென் டிரைவிலிருந்து, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பாருங்கள். அதில் படமும் சத்தமும் ஒழுங்காக வந்தால் ஹார்டுவேர் பிழைத்திருக்கிறது; கோளாறு டிரைவரிலோ செட்டிங்ஸிலோதான். புது போர்டுக்குச் செலவு செய்யத் தேவையில்லை.

சரியாகிவிட்டால் போதுமா?

போதாது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். படமும் சத்தமும் திரும்பிவிட்டால், பாதுகாப்பும் திரும்பிவிட்டது என்று அர்த்தமில்லை. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள், மைக்ரோசாஃப்டின் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் பெறலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் இது இலவசம். ஆனால், இதில் கிடைப்பது பாதுகாப்பு அப்டேட் மட்டுமே. குறுக்கு வழியில் விண்டோஸ் 11 போட்டவர்களுக்கு, தொடர்ந்து அப்டேட் வரும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை.

எனவே, பேங்க் வேலையும் ஆபீஸ் ஃபைல்களும் உள்ள லேப்டாப் என்றால், தொடர்ந்து பாதுகாப்பு அப்டேட் வரும் ஓ.எஸ் முக்கியம். பழைய லேப்டாப்பில் அதற்கு லினக்ஸும் ஒரு நல்ல வழி. படம் பார்க்க, பாட்டுக் கேட்க மட்டும்தான் என்றால், இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு, சரியான டிரைவரோடு அந்தப் பழைய லேப்டாப் இன்னும் சில வருஷம் உழைக்கும்.