கப்பு நம்மளுது... டீம் நம்மளுதா?

சனிக்கிழமை சாயங்காலம். திருப்பூர் பி.என். ரோட்டில் ஒரு பேக்கரி. வாரச் சம்பளம் வாங்கிய கையோடு கட்டிங் மாஸ்டர் ஒருவர், ஓவர்லாக் டெய்லர் இரண்டு பேர், செக்கிங்கில் இருக்கும் இளைஞர் ஒருவர் என நாலு பேர் கூடிவிட்டார்கள். டீ வருவதற்கு முன்பே பேச்சு சூடாகிவிட்டது.

“ஏனுங் மாஸ்டர், ஜடேஜாவைக் குடுத்துப்போட்டாங்களே... மனசு வருமாங்க?”

“வருத்தமாத்தான் இருக்குது. ஆனா சஞ்சு வந்திருக்காப்லயில்ல!”

சீசன் இல்லாத நேரத்தில்தான் ரசிகர்களுக்குப் பேச நிறைய இருக்கிறது. 2025 நவம்பர் 15-ம் தேதி சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது. சஞ்சுவுக்கு 18 கோடி. 18 கோடியில் இருந்த ஜடேஜா, 14 கோடிக்கு ராஜஸ்தான் போனார். 2012-ல் மஞ்சள் சட்டை போட்டவர். சென்னை தடையில் இருந்த இரண்டு வருடம் தவிர வேறு எந்த ஐ.பி.எல். அணிக்கும் போகாதவர். அதனால்தான் இந்த ஆதங்கம்.

“வீரர் சம்மதிச்சாத்தானுங்க மாத்த முடியும்” என்கிறார் டெய்லர். அவர் சொல்வது சரிதான். ஐ.பி.எல். டிரேடில் வீரரின் சம்மதம் கட்டாயம். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி இல்லை. ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வாங்கியிருந்தால் ஒழிய, ராத்திரியோடு ராத்திரியாக ஒரு வீரரை வேறு ஊருக்கு அனுப்பிவிடலாம். 10 வருடம் ஆடி, அதில் கடைசி 5 வருடம் ஒரே அணியில் இருந்தவருக்கு மட்டும் ‘மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை தானாகவே வந்துவிடும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதெல்லாம் புரியாத விஷயம் இல்லை. ஷிஃப்டுக்கு அம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் டெய்லர் அடுத்த கம்பெனிக்குப் போவார். அதற்காக யாரும் அவரைத் திட்டுவதில்லை. பிழைப்பு!

நம்ம ஊர் டீம்

பேச்சு மெல்ல உள்ளூருக்குத் திரும்புகிறது. ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ். தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் 2025 சாம்பியன்.

ஜூலை 6-ம் தேதி நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்த அந்த ஃபைனலை இங்கே யாரும் மறக்கவில்லை. எதிரில் அஸ்வின் தலைமையில் நடப்பு சாம்பியன் திண்டுக்கல். அமித் சாத்விக் 65, துஷார் ரஹேஜா 77. இருவரும் போட்ட போட்டில் திருப்பூர் 220 ரன் குவித்தது. திண்டுக்கல் 102 ரன்னுக்குச் சுருண்டது. 118 ரன் வித்தியாசத்தில் முதல் கோப்பை.

கேப்டன் சாய் கிஷோர். 2024 ஏலத்தில் 22 லட்சம் கொடுத்து திருப்பூர் எடுத்தபோது, ‘ஒரே ஆளுக்கு இவ்வளவா?’ என்று கேட்டவர்கள் உண்டு. அதே ஏலத்தில் நடராஜனும் வந்தார். 2023, 2024 இரண்டு சீசனும் திருப்பூருக்கு ஆடிய விஜய் சங்கர், 2025-ல் சேப்பாக்கம் போய்விட்டார். போனவருக்காக வருத்தம் இருந்தது. ஆனால், கோப்பை வந்ததும் அதுவும் கரைந்துபோனது.

“அடுத்த ஏலத்துல சாய் கிஷோரை மட்டும் உட்டுப்போடக் கூடாதுங்க” என்கிறார் மாஸ்டர்.

இதுவரை வாய் திறக்காத செக்கிங் இளைஞர் அப்போதுதான் சிரிக்கிறார். “ஆளு போறதைப் பத்தியே பேசுறீங்களே மாஸ்டர்... டீமே போயிட்டா?”

மூன்று பேரும் அவரைப் பார்க்கிறார்கள். அவருக்குச் சொந்த ஊர் காரைக்குடி பக்கம்.

காளை எங்கே போனது?

2016-ல் டி.என்.பி.எல். தொடங்கியபோது திருப்பூர் என்ற பெயரில் அணியே கிடையாது. இருந்தது ஐட்ரீம் காரைக்குடி காளை. 2019 வரை அந்தப் பெயரில்தான் ஆடியது. 2020-ல் கொரோனாவால் போட்டி நடக்கவில்லை. 2021-ல் அணி திரும்பி வந்தபோது பெயர் திருப்பூர் தமிழன்ஸ். உரிமையாளர் அதே ஐட்ரீம்தான். ஊர்தான் வேறு.

“நான் வேலைக்கு இங்க வந்த வருஷம்தான் டீமும் வந்துச்சு. எனக்குப் பரவாயில்ல, கூடவே வந்துட்டேன். எங்க ஊர்ல இருக்கிற பயலுகளுக்குத்தான் ஒண்ணுமில்ல” என்கிறார் இளைஞர்.

காரைக்குடி மட்டும் இல்லை. காஞ்சி வீரன்ஸ், நெல்லை ராயல் கிங்ஸ் ஆனது. தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ், சேலம் ஸ்பார்டன்ஸ் ஆனது. இதில் கவனிக்க வேண்டியது தூத்துக்குடியை. 2016-ல் முதல் டி.என்.பி.எல். கோப்பையை வென்றதே அவர்கள்தான். இன்று அந்த ஊர்ப் பெயரில் அணியே இல்லை.

கோப்பை வாங்கிவிட்டால் டீம் ஊரில் நிலைத்துவிடும் என்று சொல்ல முடியாது. பேஸ்பால் ரசிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நியூயார்க்கின் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி, பல முறை ஃபைனலில் தோற்று, 1955-ல்தான் முதல் கோப்பையை வாங்கியது. 1957 சீசன் முடிந்ததும் உரிமையாளர் அணியைத் தூக்கிக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டார். புரூக்ளினுக்குக் கிடைத்தது அந்த ஒரே கோப்பைதான்.

டி-ஷர்ட்டில் ஒரு சொல்

இன்னொரு கதை திருப்பூருக்கு இன்னும் நெருக்கமானது. கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் என்றொரு அணி. உரிமையாளர் ஜான் ஃபிஷர். ‘கேப்’ துணி பிராண்டைத் தொடங்கிய குடும்பத்தின் வாரிசு. நல்ல வீரர்களை ஒவ்வொருவராக வெளியே அனுப்பினார். அணி தோற்றுக்கொண்டே போனது, கூட்டம் குறைந்தது. பிறகு லாஸ் வேகாஸ் போகப்போவதாக அறிவிப்பு வந்தது. ‘ரசிகர்களே வருவதில்லையே’ என்ற பேச்சும் கூடவே வந்தது.

ரசிகர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். புறக்கணிப்பதற்குப் பதிலாக, ஒரே நாளில் எல்லோரும் போய் மைதானத்தில் உட்காருவது என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூன் 13 அன்று வந்தவர்கள் 27,759 பேர். ரசிகர்களே அச்சடித்துக் கொடுத்த பச்சை டி-ஷர்ட்டில் ஒரே ஒரு சொல்: ‘செல்’. அதாவது, விற்றுவிடு. துணிக்கடைக் குடும்பத்து முதலாளிக்கு டி-ஷர்ட்டிலேயே எழுதிக் காட்டிய மனு!

பலன்? அணி 2024-ன் கடைசியில் ஓக்லாந்தை விட்டுப் போய்விட்டது. ஆனால், ‘ரசிகர்கள் இல்லாததால் போனது’ என்று மட்டும் இனி யாரும் சொல்ல முடியாது.

ஓக்லாந்துக்கு மைதானமாவது இருந்தது. திருப்பூருக்கு அதுவும் இல்லை. 2025 போட்டிகள் கோவை, சேலம், நெல்லை, திண்டுக்கல் பக்கம்தான் நடந்தன. திருப்பூர் தமிழன்ஸ் ஆடுவதைத் திருப்பூரில் உட்கார்ந்து பார்க்க ஒரே வழி, டி.வி. அல்லது செல்போன். காரைக்குடிக்காரர்களும் இப்படித்தான் காளையைப் பார்த்தார்கள். ஊரில் கால் வைக்காத அணி, ஊரை விட்டுப் போகும்போது சத்தமே கேட்காது.

ஐட்ரீமைக் குறை சொல்லவும் வழியில்லை. காசு போட்டு, ஆளெடுத்து, கோப்பையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அணி போகப்போகிறது என்று யாரும் சொல்லவும் இல்லை. ஆனால், எந்த வீரரை வைத்துக்கொள்வது என்று மணிக்கணக்கில் பேசும் ரசிகர்கள், ‘நம்ம ஊரில் ஒரு மேட்ச் எப்போது?’ என்று கேட்டிருக்கிறார்களா?

பேக்கரியில் டீ கிளாஸ் காலி. மாஸ்டர் எழுந்து சட்டையை உதறிக்கொண்டே கேட்கிறார்.

“ஏந்தம்பி, கோயமுத்தூருல மேட்ச் வெச்சா வருவியா?”

“வர்றேன் மாஸ்டர். ஆனா, காளை பனியனைத்தான் போட்டுட்டு வருவேன்.”

“போட்டுட்டு வா. நம்மாளுகதான!”

ஐம்பது கிலோமீட்டர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு பஸ் பிடித்தால் போதும். உலகத்துக்கே பனியன் தைத்துக் கொடுக்கும் ஊர், தன் டீமுக்காக ஒரு நாள் அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் போய் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

உங்கள் ஊர் டீம் எது? அது உங்கள் ஊரில் ஆடியதை நேரில் பார்த்திருக்கிறீர்களா?